பொது இடத்தில் ஒளிரும் சிற்பம் வைக்கப் போகிறீர்களா? நிலப் பதிவேடு முதல் கடைசி பில் வரை

நுண்கலைக் கல்லூரியில் வெல்டிங் சொல்லித்தருகிறார்கள், வார்ப்பு சொல்லித்தருகிறார்கள். ஒரு ரவுண்டானாவில் பத்தடி உயரத்துக்குச் சிற்பம் நிறுத்தி, அதற்குள் தினமும் விளக்கு எரியவைக்க எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை. அலைந்து அலைந்துதான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு மாநகராட்சி, நகராட்சி இடங்களில் முதல்முறை வேலை செய்யும் சிற்பிகளை மனதில் வைத்து எழுதியது. உங்கள் ஊரில் வரிசை கொஞ்சம் மாறலாம், கேட்கும் தாள்கள் பெரிதாக மாறாது.

படிகளுக்குப் போகும் முன் ஒன்று. திறப்பு விழா அன்று எல்லாச் சிற்பமும் ஒளிரும். இரண்டாவது மழைக்காலத்துக்குப் பிறகும் ஒளிர்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கான விடை பட்டறையில் பாதி, கோப்பில் பாதி இருக்கிறது.

1. இடம் யாருடையது என்று பாருங்கள்

வரையத் தொடங்கும் முன்பே இதைச் செய்யுங்கள். பூங்கா மாநகராட்சியுடையதாக இருக்கும். அதை ஒட்டிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். எதிரே உள்ள குளக்கரை நீர்வளத் துறையுடையது. நடுவில் இருக்கும் முக்கோணத் திட்டு யாருடையது என்று அங்கேயே வேலை செய்பவர்களுக்கும் சில சமயம் தெரியாது. "நம்ம இடம்தான் தம்பி" என்று வார்டில் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். இருந்தாலும் சர்வே எண்ணை வாங்கி, நகர நில அளவைப் பதிவேட்டு நகலும் புல வரைபடமும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்திலேயே கிடைக்கும். செலவு மிகக் குறைவு, ஆனால் பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

அடுத்து, தடை எல்லைகள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் அருகில் இருந்தால், அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். மாமல்லபுரம், காஞ்சிபுரம், தஞ்சாவூர் போன்ற ஊர்களில் இடம் தேடுபவர்கள் முதலில் டேப் பிடித்து அளந்து பாருங்கள்.

கடலோரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதியும் சேரும். அது கிடைத்தாலும் விளக்கைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டியிருக்கிறது. சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி நகரும். கரைப்பக்கம் பளிச்சென்று விளக்கு எரிந்தால் சாலையை நோக்கி வந்து சாகும். கடலைப் பார்த்து ஒளி விழாமல் மறைப்பு வைப்பதும், முட்டையிடும் மாதங்களிலும் குஞ்சுகள் வெளிவரும் மாதங்களிலும் இரவு விளக்கை அணைப்பதும் உங்கள் வடிவமைப்பிலேயே இருக்கட்டும். யாரும் கேட்காவிட்டாலும் செய்யுங்கள்.

2. உச்ச நீதிமன்ற உத்தரவைத் தெரிந்துகொள்ளுங்கள்

கோப்பு நின்றுபோக முக்கியமான காரணம் இது. பொதுச் சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடம் ஆகியவற்றில் சிலை வைக்கவோ கட்டுமானம் எழுப்பவோ அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. அதே உத்தரவில் விலக்கும் இருக்கிறது: உயர்கோபுர விளக்கு, தெருவிளக்கு, போக்குவரத்து தொடர்பான கட்டுமானம், தெரு மற்றும் சாலைகளை மேம்படுத்தி அழகுபடுத்தும் பணி ஆகியவற்றுக்கு அது பொருந்தாது.

உங்கள் விண்ணப்பத்தின் முதல் வரியில் "சிலை" என்று இருந்தால், அதைப் படிக்கும் எழுத்தர் இந்த உத்தரவை நினைத்துக்கொண்டு கோப்பைக் கீழே வைத்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை. உங்கள் வேலை உண்மையிலேயே பூங்கா மேம்பாடாகவோ சந்திப்பை அழகுபடுத்துவதாகவோ இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். விலக்குப் பகுதியின் நகலையும் இணையுங்கள். தலைவர் சிலையையோ கடவுள் உருவத்தையோ அழகுபடுத்தல் என்ற பெயரில் நுழைக்கப் பார்க்காதீர்கள். பின்னால் வருகிற எல்லாருக்கும் கதவு அடைபடும்.

சாலைத் திட்டைவிடப் பூங்காவின் வேலிக்குள் இருக்கும் இடம் எப்போதும் சுலபம். முதல் வேலைக்கு நான் பூங்காவைத்தான் சொல்வேன்.

3. பணம் எந்த வழியாக வருகிறது?

டெண்டர் வழி ஒன்று. மாநகராட்சியே பணியை அறிவித்தால் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி நடக்கும். உங்களுக்கு ஒப்பந்ததாரர் பதிவு இல்லையென்றால் பதிவுள்ள ஒருவரின் கீழ் துணை ஒப்பந்தமாகத்தான் நுழைய முடியும். அப்படி நுழையும்போது அவரிடமும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இலவசம், உடனே கிடைக்கும், சில டெண்டர்களில் முன்வைப்புத் தொகைக்கு விலக்கும் தரும். இன்றே எடுத்துவிடுங்கள்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இன்னொரு வழி. இந்த நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்லும் கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கலை, பண்பாடு இருப்பதால் கேட்க வழி உண்டு. ஆனால் திட்டத்தை நடத்தும் பொறுப்பைத் தனியாளான உங்களிடம் நிறுவனம் ஒப்படைக்க முடியாது. நிறுவனம் தானே நடத்தி உங்களுக்கு வேலை ஆணை தரலாம், அல்லது இந்த நிதியைப் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவுள்ள அறக்கட்டளை வழியாகத் தரலாம். மூன்றாவது, அரசின் நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் ஒரு பகுதியைக் குடியிருப்போர் சங்கமோ கொடையாளரோ கட்டினால் மீதியை அரசு தரும். சிறிய ஊர்களுக்கு நல்ல வழி.

கொடையாளர் இருந்தால் பெயர்ப்பலகையின் அளவை ஆரம்பத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். லோகோ பெரிதானால் விளம்பரப் பலகை ஆகிவிடும், அதற்குத் தனி அனுமதியும் கட்டணமும் உண்டு. சிற்பத்தையே மறைக்கிற பலகைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

4. கரன்ட் பில் யார் பெயரில்?

இதற்கு எழுத்தில் பதில் கிடைக்கும்வரை முன்பணத்தைத் தொடாதீர்கள். ஒரு நகராட்சியில் நல்ல வேலைப்பாடுள்ள சிற்பம் ஒன்று ஒரு வருடம் எரிந்து அணைந்துபோனது. பழுது ஏதும் இல்லை. இணைப்பு தற்காலிகமாக வாங்கியது, அதைப் புதுப்பிப்பது யார் வேலை என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுக் காட்டினால் அதிகாரிகளின் தயக்கம் குறையும். மொத்தம் 400 வாட் எல்இடி, இரவு ஆறு மணி நேரம் என்றால் நாளுக்கு 2.4 யூனிட், மாதம் 72 யூனிட். பூங்காவின் மொத்த மின்செலவில் இது சிறு பங்குதான். ஆகவே பூங்காவில் ஏற்கனவே இருக்கும் இணைப்பிலேயே சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாநகராட்சி மின்பிரிவு உதவிப் பொறியாளரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். புது இணைப்புத்தான் வழி என்றால் கட்டண வகையைக் கவனியுங்கள். மின்வாரியப் பட்டியலில் ஆடம்பர விளக்கு அலங்காரத்துக்குத் தனி வகை உண்டு. அது தெருவிளக்குக் கட்டணத்தைவிட அதிகம். எந்த வகையில் இணைப்பு என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாகக் கேளுங்கள்.

மின்வேலை மொத்தமும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் பெயரில் இருக்க வேண்டும். உங்கள் பட்டறை எலக்ட்ரீஷியன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி, முடிப்புச் சான்றில் உரிம எண் இல்லாமல் இணைப்பு வராது. மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, தனி எர்த்திங் குழி இரண்டிலும் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். குழந்தைகள் ஏறி விளையாடப் போகும் உலோகம் அது.

5. காற்றுக்குக் கணக்குப் போடுங்கள்

கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் கோப்பு நகராது. ஆனால் கையெழுத்துக்காக மட்டும் அவரிடம் போகாதீர்கள், மாதிரி செய்யும்போதே போங்கள். காற்றுப் பளுவுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியின்படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். கோவைக்கும் மதுரைக்கும் 39. வேகத்தை வர்க்கப்படுத்தி 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். சென்னைக்கு 1500, அதாவது சுமார் 150 கிலோ. மூன்று மீட்டர் உயரமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள தகட்டை நிறுத்தினால் 900 கிலோ அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. கோவையில் அதே தகட்டுக்குச் சுமார் 560 கிலோ. உயரம், சுற்றுப்புறம், வடிவம், கடலோரப் புயல் இவற்றுக்கான காரணிகளைப் பொறியாளர் இதன்மேல் சேர்ப்பார். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

கோவையில் நின்ற வடிவத்தைச் சென்னைக்கு அப்படியே கொண்டுவர முடியாது என்பது இதிலேயே தெரியும். தகட்டில் துளை போட்டால் ஒளியும் வரும், காற்றும் கொஞ்சம் புகும். எவ்வளவு என்பதைப் பொறியாளர் சொல்லட்டும்.

அடித்தளத்தை மழைக்கு முன் முடியுங்கள். கான்கிரீட் முழு வலிமைக்கு 28 நாள் என்று கணக்கு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆகவே ஆகஸ்ட் கடைசிக்குள் குழி வெட்டி, கம்பி கட்டி, சிற்பத்தை அடித்தளத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டை டெம்ப்ளேட் தகடு வைத்து நிறுத்திவிட வேண்டும். போல்ட் துளி நகர்ந்தாலும் சிற்பத்தின் அடித்தகடான பேஸ் பிளேட் இறங்காது. அப்போது ஹைட்ரா கிரேன் சிற்பத்தைத் தூக்கிப் பிடித்திருக்க, கீழே நீங்கள் கேஸ் கட்டரோடு நிற்க வேண்டியிருக்கும்.

6. விளக்கைக் கழற்றும்படி வையுங்கள்

ஒரு விளக்கு போனால் மாநகராட்சி ஊழியர் ஏணியும் ஒரு ஸ்பேனரும் வைத்துக்கொண்டு அதை மாற்ற முடிய வேண்டும். முடியாத வடிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சீக்கிரம் இருண்டுவிடும்.

முதலில் கெடுவது பெரும்பாலும் எல்இடி இல்லை, அதற்கேற்ப மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர்தான். மே மாத வெயிலில் மூடிய உலோகத்துக்குள் சூடு எகிறும். பல டிரைவர்களுக்கு 50 டிகிரிக்கு மேல் முழு பாரம் தாங்காது. அதைச் சிற்பத்தின் வயிற்றில் வைக்காமல் பக்கத்தில் நிழலில் தரையில் நிற்கும் மின்பெட்டியில், அதாவது பில்லர் பாக்ஸில் வையுங்கள். பாரம் 80 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். 12 வோல்ட்டைவிட 24 வோல்ட் நல்லது. மீட்டருக்கு 14.4 வாட் எல்இடி ஸ்ட்ரிப்பை ஐந்து மீட்டர் ஓட்டினால் 12 வோல்ட்டில் 6 ஆம்பியர், 24-ல் 3 ஆம்பியர். ஆம்பியர் குறைந்தால் கேபிளில் வோல்டேஜ் விழுவது குறையும், கடைசி அடியில் ஒளி மங்காது.

தண்ணீர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. பகலில் சூடான உள்காற்று இரவில் குளிர்ந்ததும் அக்ரிலிக்கின் உட்புறம் முத்து முத்தாக வேர்த்து நிற்கும். எல்லா இடுக்கையும் சிலிக்கான் வைத்து அடைத்தால் அந்த நீர் உள்ளேயே கிடக்கும். அடியில் வடிகால் துளை போடுங்கள், துளைக்கு மெல்லிய எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வலை கட்டுங்கள். ஒளி இருக்கும் இடத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பின்னால் பல்லி வரும். பில்லர் பாக்ஸைத் திறந்தால் டெர்மினலுக்குக் குறுக்கே கருகிய பல்லி கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கேபிள் நுழையும் ஒவ்வொரு ஓட்டையிலும் இடைவெளியை இறுக்கி அடைக்கும் கிளாண்டு போட்டே ஆக வேண்டும். மண்ணுக்குள் போகும் கேபிளை ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் விடுங்கள், எலிக்கும் செம்புத் திருடருக்கும் சேர்த்து. தூசியும் நீரும் புகாமைக்கான தரம், தரை மட்டத்தில் வைக்கும் விளக்குக்கு ஐபி67, மேலே ஐபி65 போதும்.

உலோகம்: கடலோரம் எஸ்எஸ் 316, கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் 304. விலை வித்தியாசத்தைப் பார்த்து 304-ஐக் கடற்கரையில் வைத்தால் உப்புக்காற்றில் பழுப்புப் புள்ளி விழும்.

நிறம் மாறும் விளக்கு கேட்பார்கள். சுதந்திர தினத்துக்கு மூவண்ணம் வேண்டும் என்பார்கள், நியாயமான ஆசைதான். ஆனால் அதற்குக் கன்ட்ரோலர் வேண்டும், அதன் கட்டளையை விளக்குக்குக் கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் கேபிள் வேண்டும், புரோகிராம் தெரிந்த ஆள் வேண்டும். சிறிய ஊரில் கன்ட்ரோலர் போனால் மாற்ற ஆள் வராது. 3000 கெல்வின் வெதுவெதுப்பான வெள்ளை ஒன்றே போதும் என்பது என் கருத்து, இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். சிக்னல் அருகில் சிவப்பும் பச்சையும், எங்குமே மினுக்குவதும் போக்குவரத்துப் போலீஸ் ஒப்புக்கொள்ளாதவை. ஓட்டுநர் கண்ணுக்கு நேராக ஒளிமூலம் தெரியக்கூடாது. இதையெல்லாம் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மீட்டர் தகட்டில் துளை போட்டு, உள்ளே விளக்கு வைத்து, இரவில் அதே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். பக்கத்துக் கடையின் ஃபிளெக்ஸ் வெளிச்சத்தில் உங்கள் ஒளி காணாமல் போகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

7. கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்

ஒரே கோப்பாக, நான்கு நகல் போடுங்கள்: ஆணையருக்கு விண்ணப்பக் கடிதம், நில ஆவண நகல், இடத்தின் பகல், இரவுப் புகைப்படங்கள், அளவோடு வரைபடம், கட்டமைப்புப் பொறியாளர் சான்று, மின் ஒற்றைக்கோட்டு வரைபடம், விரிவான மதிப்பீடு, பணம் யார் தருகிறார் என்ற கடிதம், ஐந்து ஆண்டுப் பராமரிப்புத் திட்டம், மூன்றாம் நபர் காப்பீட்டுக்கான விலைப்புள்ளி, உங்கள் பான், ஜிஎஸ்டி, உத்யம் நகல்கள். சாலை அருகில் என்றால் போக்குவரத்துப் போலீஸின் தடையில்லாச் சான்று. அதற்கு முன்கூட்டியே தனி விண்ணப்பம் போடுங்கள், மாநகராட்சி வாங்கித் தரும் என்று காத்திருக்காதீர்கள்.

தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். நேரில் அதிகாரி கையில் கொடுப்பது மரியாதையாகத் தெரியும், ஆனால் கோப்பு எண் கிடைக்காது. எண் இல்லாத கோப்பைத் தேட முடியாது.

மன்றத் தீர்மானம் தேவைப்படும் தொகை என்றால் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு, நிகழ்ச்சி நிரலில் ஏறும்படி முன்னாலேயே கொடுங்கள். தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்துவிட்டால் புதுப் பணி ஆணை வராது. மொத்தத்தில், யோசனையிலிருந்து விளக்கு எரியும்வரை ஒரு முழு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விழாத் தேதியை முன்வைத்து யாராவது மூன்று மாதத்தில் கேட்டால், அடித்தளத்துக்கான 28 நாளையும் அனுமதிகளையும் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

8. செலவும் ஒப்பந்தமும்

தகடும் வெல்டிங்கும்தான் செலவு என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அடித்தளம், பொறியாளர் கட்டணம், மின் ஒப்பந்ததாரர், கேபிள் பள்ளம், லாரி, கிரேன், காப்பீடு, உதிரிபாகம் எல்லாம் சேர்ந்தால் மொத்தத்தில் பாதி அங்கே போய்விடும். மதிப்பீட்டில் பத்து சதவீதம் எதிர்பாராச் செலவுக்கு, இன்னொரு பத்து பராமரிப்புக்கு என்று தனித் தலைப்பில் வையுங்கள். உங்கள் கலைக் கட்டணமும் தனி வரியாக இருக்கட்டும். எஃகின் எடைக்கு விலை போட்டுக் கொடுத்தால், பேரம் பேசும்போது உங்கள் உழைப்புத்தான் வெட்டுப்படும்.

பில்லிலிருந்து பிடித்தம் உண்டு. தொழில்முறைச் சேவை என்று போட்டால் வருமான வரிப் பிடித்தம் 10 சதவீதம், ஒப்பந்த வேலை என்றால் தனிநபருக்கு 1 சதவீதம். அரசு ஒப்பந்தம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பிடித்தம் 2 சதவீதம். கட்டுமானம் என்று வகைப்படுத்தினால் தொழிலாளர் நல வரி 1 சதவீதம். இதோடு பழுதுப் பொறுப்புக் காலத்துக்காக ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். கைக்கு எவ்வளவு வரும் என்பதை ஆடிட்டரோடு உட்கார்ந்து முதலிலேயே பாருங்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம் சேருங்கள். ஒன்று, இடம் மாற்றவோ அகற்றவோ வேண்டியிருந்தால் உங்களுக்கு முன்னறிவிப்பு. இன்னொன்று, நிறமோ விளக்கோ மாற்றும் முன் உங்கள் ஒப்புதல். டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-ல் புதுப்பிப்பு வேலையின்போது பெயர்த்துவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தைத் திருப்பித் தரவும் 5 லட்சம் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு உங்களுக்கும் அந்த உரிமையைத் தருகிறது. ஆனாலும் வழக்குக்கு ஆன காலத்தைப் பாருங்கள், ஒப்பந்தத்தில் ஒரு வரி எவ்வளவு மலிவு. மக்கள் படம் எடுப்பதைத் தடுக்கவோ அதற்குக் காசு கேட்கவோ முடியாது, பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்துக்குச் சட்டமே அதை அனுமதிக்கிறது.

9. ஏற்றும் இரவு

லாரியில் போகும் அளவுக்குத் துண்டுகளாகச் செய்யுங்கள், அகலம் இரண்டரை மீட்டருக்குள். வழியில் உள்ள சுரங்கப்பாலம், தாழ்வான கேபிள், மரக்கிளை எல்லாவற்றையும் முந்தின வாரமே பார்த்துவிடுங்கள். கிரேனை இரவு வைத்தால் போக்குவரத்துக்குத் தொந்தரவு இல்லை, ஆனால் காவல் நிலையத்துக்குக் கடிதம் கொடுத்திருக்க வேண்டும். ஊர்வல நாட்களைத் தவிருங்கள்.

10. ஒப்படைப்பும் கடைசிப் பணமும்

ஒப்படைக்கும்போது உதிரிபாகப் பெட்டி ஒன்று கொடுங்கள்: இரண்டு டிரைவர், ஒரே பேட்சில் வாங்கிய ஸ்ட்ரிப் பத்து மீட்டர், திருகுக்கான ஸ்பேனர், சாவி. பேட்ச் மாறினால் வெள்ளையின் நிறம் மாறும், தூரத்திலிருந்தே ஒட்டுப்போட்டது தெரியும். எந்த ஃபியூஸ் எந்தப் பகுதிக்கு என்று தமிழில் எழுதி லேமினேட் செய்து பில்லர் பாக்ஸின் கதவுக்கு உள்ளே ஒட்டுங்கள். நேரத்துக்கு, சூரியன் மறையும் நேரத்தைத் தானே கணக்கிட்டு மாறும் அஸ்ட்ரோ டைமர் போடுங்கள். சென்னையில் நவம்பரில் ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் மறைகிறது, ஜூலையில் ஆறரைக்கு மேல் ஆகிறது. சாதாரண டைமரை ஆண்டுக்கு நான்கு முறை யாரும் வந்து திருத்த மாட்டார்கள்.

திறப்பு விழா முடிந்த அடுத்த நாளே உதவிப் பொறியாளரோடு நின்று, முடிந்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில் அளவை ஏற்றச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தின் நகல், முடிப்புச் சான்று, மின் சான்று, ஒப்படைப்புக் கையெழுத்து நான்கையும் பில்லோடு வைத்து பிப்ரவரி முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். மார்ச் 31 தாண்டினால் அந்த ஆண்டு ஒதுக்கீடு காலாவதியாகி மறு ஒதுக்கீட்டுக்குக் கோப்பு மறுபடி மேலே போகும். நிறுத்தி வைத்த தொகை எந்தத் தேதியில் விடுபடும் என்பதைப் பணி ஆணையிலிருந்து குறித்துக்கொண்டு, அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே கடிதம் போடுங்கள். அந்தக் கடிதத்தோடு அன்றிரவு எடுத்த ஒரு படத்தையும் இணையுங்கள், எல்லா விளக்கும் எரிகிற படமாக.